எழுபத்தேழுக்குச் சாட்சி சொன்னவர்களுக்கு நன்றி

எழுபத்தேழு என்று ஆரம்பித்தாலே, "எண்பத்து மூணைத்தானே சொல்றீங்க?" என்று கேட்பார்கள். இலங்கையில் தமிழர்களுக்கு எதிராக நடந்த 1983 கறுப்பு ஜூலை எல்லாருக்கும் தெரியும். 1977 ஆகஸ்டில், தேர்தல் முடிந்து ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், மலையகத் தமிழர்கள் தாக்கப்பட்டதும், லயங்களை, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளை, விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் ஓடியதும் எங்கள் வீடுகளிலேயே அந்தப் பெரிய கலவரத்தோடு கலந்துபோயிருந்தன.

எழுபத்தேழில் எங்கள் தோட்டத்தில் நடந்ததைப் பார்த்தவர்களிடம் கேட்டு எழுதிவருகிறேன். இரண்டு கலவரங்களையும் முதலில் பிரித்துத் தந்தவர் வவுனியாப் பெரியம்மா. "ஆவணி பொறந்து ரெண்டு மூணு நாள், அடுப்புல ரொட்டி கெடந்துச்சு" என்றார். வருடம் நினைவில்லை. ஆனால் அன்று இடுப்பில் இருந்த கைக்குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் இருந்தது.

அப்புறம், ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை ஐயா. கரையான் தின்றது போக மிஞ்சிய செக்ரோலை, அதாவது தோட்டத்து வேலைப் பதிவேட்டை, அவர்தான் தேடி எடுத்தார். ஆகஸ்ட் 18 வரை ஒவ்வொரு பெயருக்கு நேரேயும் வேலை விழுந்திருக்கிறது. 19இலிருந்து பக்கம் முழுக்க வெறும் கட்டம். செக்ரோலைப் பார்த்து அழுத முதல் ஆள் நான்தானாம்.

எழுபத்தேழுக் கலவரத்தை விசாரித்த சன்சோனி ஆணைக்குழுவின் 1980 அறிக்கையை முழுதாகப் படித்த சட்டத்தரணித் தோழிக்கும் நன்றி. எங்கள் தோட்டம் அதில் இல்லை. இல்லை என்று சொல்லவும் ஒருவர் கடைசிப் பக்கம் வரை போகவேண்டியிருந்தது.

பக்கத்துக் கிராமத்துச் சிங்களப் பெரியவர் மூன்று குடும்பங்களை ஒளித்துவைத்த இடத்தைக் காட்டினார். அதைவிடக் கஷ்டமான ஒன்றையும் செய்தார்: பந்தத்தோடு வந்தவர்களில் தன் ஊர்க்காரர்களும் இருந்ததை மறைக்காமல் சொன்னார். பெயர் வேண்டாம் என்றார், போடவில்லை. பொஹோம ஸ்தூதி, ஐயா.

தமிழ்நாட்டுக் கோத்தகிரியில் குடியேறிய அக்கா தங்கை இருவரும் எரிந்தது மேல் லயமா கீழ் லயமா என்று தொலைபேசியிலேயே சண்டை போட்டார்கள். அந்தச் சண்டைதான் எனக்கு வேலை கற்றுக்கொடுத்தது. ஒருவர் மட்டும் சொன்னால் பென்சில். இன்னொருவர் தனியாக அதையே சொன்னால் பேனா.

கடைசியாக அம்மாவுக்கு. தாத்தா கோயில் மணியைக் கிணற்றில் இறக்கிக் காப்பாற்றிய கதையை அவர் சொல்லித்தான் நான் வளர்ந்தேன். வேறு யாருமே அதைச் சொல்லவில்லை. அதனால் அது இன்னும் பென்சிலில்தான் இருக்கிறது. அம்மாவுக்குக் கோபம். ஆனாலும் கிணறு இருந்த இடத்தைக் காட்ட அடுத்த வாரம் கூடவே வருகிறார்.