கொண்டுவரத் தெரிந்த பாலம், திரும்ப எடுக்கத் தெரியவில்லையா? தள்ளுபடி எஸ்எஸ்டி விற்கும் இணைய அங்காடிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இணைய அங்காடி நிர்வாகத்தினருக்கு,

வணக்கம்.

உங்கள் தள்ளுபடித் திருவிழா நல்லபடியாக முடிந்திருக்கும். எங்கள் பக்கம் இன்னும் முடியவில்லை. தொண்டியிலிருந்து ராமேஸ்வரம் வரை, அந்தப் பக்கம் கீழக்கரை, ஏர்வாடி வரை, கணினி பழுது பார்க்கும் மேசைகளில் உங்கள் விழாவின் மிச்சம் கிடக்கிறது. எந்தப் பொருள், எந்த விற்பனையாளர், எத்தனை புகார் எண் என்பதெல்லாம் உங்கள் கணக்கிலேயே இருப்பதால் அதையெல்லாம் இங்கே ஒப்பிக்கப் போவதில்லை. கேட்க வந்தது ஒன்றுதான். எஸ்எஸ்டி, அதாவது கணினியில் தரவைச் சேமிக்கும் சில்லு டிரைவ், வாங்கியவர் அதை முழுக்க நிரப்பிச் சோதிக்க 30 நாள் கொடுங்கள். சரியில்லை என்றால், கொண்டுவந்து கொடுத்த அதே வாசலுக்கு வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

திருப்பிக் கொடுக்க இப்போது தருகிற ஏழு நாள் போதாதா என்று உங்கள் உதவி மையத்தில் கேட்கிறார்கள். மீனுக்கு ஏழு நொடி போதும். செவுளைத் தூக்கிப் பார்த்து, கண்ணைப் பார்த்து, விரலால் ஓர் அழுத்து அழுத்தி விலை பேசுகிற ஊர் இது. எஸ்எஸ்டிக்குச் செவுள் கிடையாதே.

ஒரு பொருளை மட்டும் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். பெட்டியில் 1 டிபி என்று அச்சடித்திருக்கிறது. கணினியில் போட்டால் விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டுகிறது. இந்த 931-ல் ஏமாற்று எதுவும் இல்லை. தயாரிப்பாளர் ஆயிரத்தால் வகுக்கிறார், விண்டோஸ் 1,024-ஆல் வகுக்கிறது. 500 ஜிபி என்றால் 465, 240 என்றால் 223 என்றுதான் காட்டும். இதற்காகச் சண்டைக்குக் கிளம்புகிறவர்களை நாங்களே சமாதானம் சொல்லி அனுப்பிவிடுகிறோம். சங்கதி கூட்டுக்குள்ளே இருக்கிறது. கிளிப்பால் மூடிய பிளாஸ்டிக் கூட்டை நெம்பித் திறந்தால் விரல் நீளத்துக்கு ஒரு பலகை, அதன்மேல் சூட்டுப்பசை வைத்து ஒட்டிய மைக்ரோ எஸ்டி கார்டு ஒன்று. 64 ஜிபி. மீதி இடமெல்லாம் காற்று. கூட்டுக்குள் காலி இடம் இருப்பது மட்டுமே போலிக்கு அடையாளம் ஆகாது என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். பேர்பெற்ற நிறுவனங்களின் 2.5 அங்குல எஸ்எஸ்டி பலவற்றிலும் பலகை பாதிக் கூட்டுக்கு மேல் வராது. ஆனால் அதில் பசை வைத்து ஒட்டிய கார்டு இருக்காது.

இந்தப் போலி முதல் வாரத்தில் அகப்படாது. தன்னை 1 டிபி என்று சொல்லிக்கொள்ளும்படி அதன் உள்ளே பதிந்திருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரை மாற்றி வைத்திருக்கிறார்கள். முதல் 64 ஜிபி ஒழுங்காக எழுதும். விண்டோஸ் ஏறும், பிரவுசர் திறக்கும், பிள்ளையின் பிராஜெக்ட் சேமிக்கும். அதற்கு மேல் வருவதைப் பழையதன் மேலேயே எழுதும், இல்லாவிட்டால் எழுதிவிட்டேன் என்று சொல்லிக் கைவிட்டுவிடும். ஃபைலின் பெயர் இருக்கும், அளவு இருக்கும், திறந்தால் திறக்காது. வீட்டுக் கணினியில் 64 ஜிபி நிரம்ப மூன்று வாரம் ஆகலாம், இரண்டு மாதமும் ஆகலாம். வளைகுடாவில் இருக்கிற மகனுக்காக எடுத்த கல்யாண வீடியோவை ஏற்றிவிட்டு, இடம் வேண்டுமென்று போனிலிருந்து அழித்த பிறகுதான் விஷயம் தெரியவரும். அன்றைக்கு உங்கள் செயலியைத் திறந்தால் ‘திருப்பும் காலம் முடிந்தது’ என்று சாம்பல் நிறத்தில் ஒரு வரி நிற்கிறது.

‘பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுத்தீர்களா?’ என்று அடுத்து ஒரு கேள்வி வருகிறது. எடுத்தார்கள், ஐயா. பெட்டி நன்றாகத்தான் இருந்தது.

முன்கூட்டியே கண்டுபிடிக்க வழி இல்லாமல் இல்லை. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, லினக்ஸ்காரர்களுக்கு எஃப்3 இருக்கிறது. டிரைவின் காலி இடம் முழுவதையும் தனக்குத் தெரிந்த தரவால் நிரப்பி, பிறகு அதையே படித்து ஒத்துப்பார்ப்பதுதான் இவற்றின் வேலை. நல்ல சாட்டா (பழைய கணினிகளிலும் உள்ள இணைப்பு வகை) எஸ்எஸ்டி என்றால் 1 டிபியை எழுத அரை மணிக்குச் சற்று மேல் ஆகும், படிக்கவும் அவ்வளவுதான். மலிவு ரகத்தில் வேகமான முன்பகுதி நிரம்பியதும் நொடிக்கு 80, 100 எம்பி என்று இறங்கிவிடும், எழுத மட்டும் மூன்று மணி நேரம் பிடிக்கும். போலி நொடிக்கு 20 எம்பியில் தவழ்ந்தால் எழுதவே பதினான்கு மணி நேரம். நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கடலோர மின்கம்பத்து இன்சுலேட்டரில் உப்புப் படிந்து, அதன்மேல் விடியற்காலைப் பனி இறங்கினால் என்ன ஆகும் என்று எந்த லைன்மேனைக் கேட்டாலும் சொல்வார். இந்தச் சோதனையை ஏழு நாளுக்குள் முடிக்க வேண்டும். அந்த ஏழு நாளும் பார்சல் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை. முக்குக் கடையில் கொடுத்துவிட்டு உங்கள் ஆள் ‘டெலிவரி ஆயிற்று’ என்று அழுத்திய நிமிடத்திலிருந்து ஓடுகிறது.

சரி, ஏழு நாளுக்குள்ளேயே கண்டுபிடித்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது வருவது, ‘உங்கள் பின்கோடில் பிக்கப் வசதி இல்லை’. 623-ல் தொடங்கும் எண்ணைப் போட்டால் டெலிவரிக்குப் பச்சை டிக், பிக்கப்புக்குச் சிவப்பு. பாம்பனில் சாலைப் பாலம் வந்தது 1988-ல். பழைய ரயில் பாலத்துக்குப் பதிலாகப் புதிய தூக்குப் பாலமும் 2025 ஏப்ரலில் திறந்தாயிற்று. பார்சல் பையோடு பாலத்தைக் கடந்து தங்கச்சிமடம் வரை வருகிற உங்கள் ஆள், திரும்பிப் போகும்போது கடலில் நீந்தியா போகிறார்? அதே பாலத்தில் காலிப் பையோடுதானே போகிறார்?

வேறு வழியாக நீங்கள் சொல்வது, சொந்தச் செலவில் அனுப்புங்கள், அல்லது நிறுவனத்தின் சேவை மையத்துக்கு நேரில் போங்கள் என்பது. அந்த மையம் மதுரையில். ராமேஸ்வரத்திலிருந்து 160 கிலோமீட்டருக்கு மேல். பஸ் காசு, சாப்பாடு, ஒரு நாள் வேலை எல்லாம் சேர்த்தால் தள்ளுபடியில் மிச்சம் பிடித்தது மானாமதுரை தாண்டும்போதே கரைந்துவிடும். உங்கள் கோடை விற்பனை வருகிற நேரம் எது என்பதையும் நினைத்துப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. பள்ளி திறப்பதற்குள் பழைய கம்ப்யூட்டரை எழுப்பிவிடலாம் என்று, புதிது வாங்க வழியில்லாத வீடுதான் அப்போது தள்ளுபடி எஸ்எஸ்டி பக்கம் போகிறது.

மதுரை வரை போனவர்களையும் திருப்பி அனுப்புவதற்கு ஒரு காரணம் இருக்கிறது: ‘முனையில் களிம்பு இருக்கிறது, வாடிக்கையாளரால் ஏற்பட்ட சேதம்.’ களிம்பு இருப்பது வாஸ்தவம்தான். முனையில் பூசிய தங்கம் மெல்லியது. செருகி எடுத்த கீறல் வழியாக உப்புக் காற்று உள்ளே போய் அடியிலுள்ள செம்பில் பச்சை பூக்கும். நேராகப் போர்டில் செருகும் பட்டை வடிவ எம்.2 டிரைவைப் பிடிக்கும் சின்னத் திருகு ஒரே வருடத்தில் துருவேறித் தலை தேய்ந்து நிற்கும். ஆனால் வந்து நான்கு நாள் ஆன ‘புத்தம் புதிய’ டிரைவில் செருகிய கோடும் களிம்பும் இருந்தால், அது எங்கள் காற்றின் வேலையா, உங்கள் கிடங்கின் வேலையா? லேப்டாப்பிலிருந்து கழற்றிய டிரைவைப் புதியது என்று விற்பதும் நடக்கிறது. அதன் சீரியல் எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டால், இந்தப் பொருளுக்குத் தனியாக வாரண்டி இல்லை என்று வரும். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளைத் திறந்தால் ஓடிய மணிநேரமும் எழுதிய அளவும் தெரியும். சிலர் அந்தக் கணக்கையும் பூஜ்யமாக்கி அனுப்புகிறார்கள். செருகிய கோட்டை மட்டும் அவர்களால் அழிக்க முடிவதில்லை.

போலியை விட்டுவிடுவோம். அசல் பொருளை விற்கும் பக்கத்திலாவது உள்ளதைச் சொல்கிறீர்களா? ‘நொடிக்கு 560 எம்பி வரை’ என்கிறீர்கள். இந்த ‘வரை’ பெரிய சாமர்த்தியக்காரச் சொல். ராமேஸ்வரம் வரை என்று போர்டு போட்ட பஸ் மண்டபத்தில் இறக்கிவிட்டால் கண்டக்டரை யாரும் சும்மா விடுவதில்லை. பக்கத்தில் இருக்க வேண்டிய விவரங்கள் நான்கைந்துதான். உள்ளே ஒரு செல்லில் மூன்று பிட் வைக்கும் டிஎல்சியா, நான்கு பிட் வைக்கும், மலிவான ஆனால் மெதுவான க்யூஎல்சியா? எந்தத் தரவு எங்கே என்ற குறிப்பை வைத்துக்கொள்ளத் தனி டிராம் நினைவகம் இருக்கிறதா? எத்தனை டிபிடபிள்யூ, அதாவது வாரண்டிக்குள் எத்தனை டெராபைட் எழுதலாம்? சாட்டாவா, அதைவிட வேகமான புதிய வகை என்விஎம்இயா? வாரண்டி யார் பொறுப்பு? க்யூஎல்சி விற்பது குற்றம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு 20 ஜிபி எழுதும் வீட்டுக்கு 120 டிபிடபிள்யூ டிரைவே கணக்குப்படி பதினாறு வருடம் வரும். முக்கால்வாசிக்கு மேல் நிரப்பாதே, வேகம் செத்துவிடும் என்று சொல்லிக் கொடுத்தால் போதும். டிராம் இல்லாத என்விஎம்இ, கணினியின் ரேமில் கொஞ்சம் கடன் வாங்கிச் சமாளிக்கும். டிராம் இல்லாத சாட்டாவுக்கு அந்த வழி இல்லை. இந்த வித்தியாசம் தெரிந்தால் ஐந்நூறு ரூபாய் கூடக் கொடுப்பதா வேண்டாமா என்பதை வாங்குகிறவரே முடிவு செய்துகொள்வார்.

எம்.2 கதை இதைவிட மோசம். 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம், பார்வைக்கு எல்லாம் ஒன்று. உள்ளே சாட்டாவும் இருக்கலாம், என்விஎம்இயும் இருக்கலாம். இரண்டையும் ஏற்கும் செருகுமிடம் இல்லையென்றால் ஒன்றின் இடத்தில் இன்னொன்று வேலை செய்யாது. எங்கள் பக்கத்து வீடுகளில் இருக்கும் எச்61, எச்81 சில்லு கொண்ட பழைய மதர்போர்டுகளில் எம்.2 செருகுமிடமே பொதுவாகக் கிடையாது. எச்61-ல் சாட்டாவின் வேகமும் நொடிக்கு 3 ஜிகாபிட்தான், எவ்வளவு நல்ல எஸ்எஸ்டி போட்டாலும் நொடிக்கு 280 எம்பியைத் தாண்டாது. எச்81 என்றால் நான்கு சாட்டாவில் இரண்டுதான் 6 ஜிபிட், அதைப் பார்த்துச் செருக வேண்டும். அப்படிப்பட்ட வீட்டுக்கு ‘இதையும் பாருங்கள்’ என்று நொடிக்கு 7,000 எம்பி வேக என்விஎம்இ டிரைவை நீட்டுகிறது உங்கள் பக்கம். கூடவே இலவசமாக வருகிற, வார்த்து ஒட்டிய மோலக்ஸ்-சாட்டா பவர் கேபிளைத் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். அதன் உள்ளே கம்பிகள் ஒன்றையொன்று தொட்டுத் தீப்பிடிப்பது ஊரறிந்த கோளாறு. கொடுப்பதென்றால் கம்பியைக் கடித்துப் பிடிக்கும் வகையாகக் கொடுங்கள்.

ஸ்டிக்கரைக் கிழித்து உள்ளே பார்க்கலாமே என்றால், கிழித்த நிமிடமே வாரண்டி செல்லாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. பெயரைப் பார்த்து நம்பலாம் என்றால் அதற்கும் பழைய அனுபவம் இருக்கிறது. 2021-ல் க்ருஷியல் பி2, டபிள்யூடி (வெஸ்டர்ன் டிஜிட்டல்) புளூ எஸ்என்550 என்ற எஸ்எஸ்டிகள் இரண்டிலும் பெயர் மாறாமலே உள்ளே ஃபிளாஷ் சில்லு மாறியது வெளியே வந்தது. இனி அப்படி மாற்றினால் புது மாடல் எண் போடுவோம் என்று வெஸ்டர்ன் டிஜிட்டல் அப்போது சொன்னது. தயாரிக்கிறவரே அந்த அளவுக்கு இறங்கி வந்திருக்கும்போது, விற்கிறவர் தன் பக்கத்தில் நான்கு வரி சேர்ப்பதில் என்ன கஷ்டம்? 2025 கடைசியிலிருந்து நினைவகச் சில்லு விலை ஏறியதே, அந்த நேரத்தில் 1 டிபியைக் கால் விலைக்குத் தருகிற விற்பனையாளரைப் பார்த்து உங்கள் கணினிகளுக்குச் சந்தேகமே வரவில்லையா? ஒருவர் இரண்டு முறை ரிட்டர்ன் கேட்டால் மட்டும் அவர் கணக்கின்மேல் உடனே சந்தேகம் வந்துவிடுகிறது!

கோபத்தில் எங்கெங்கோ போய்விட்டோம், பொறுத்துக்கொள்ளுங்கள். மின்வணிக விதிகள் 2020-ன்படி புகார் கிடைத்தது என்று 48 மணி நேரத்துக்குள் தெரிவித்து ஒரு மாதத்துக்குள் தீர்த்து வைக்க வேண்டும் என்பது உங்கள் சட்டப் பிரிவுக்குத் தெரியும். வாங்கியவர் தான் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை என்பதும் தெரியும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் போட இங்கே எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தாயிற்று. நான்காயிரம் ரூபாய்ப் பொருளுக்காக அந்த அளவுக்குப் போக எங்களுக்கும் விருப்பமில்லை.

ஆகவே பணிவுடன் மறுபடி கேட்கிறோம். எஸ்எஸ்டிக்குத் திருப்பும் காலம் 30 நாள், வாங்கியவர் கையில் பார்சல் சேர்ந்த நாளிலிருந்து. 623 பின்கோடு முழுவதற்கும், தீவு உட்பட, வாசலில் பிக்கப். முழுக் கொள்ளளவுச் சோதனையின் படத்தை அனுப்பினால், பிரித்த வீடியோ கேட்காமல் பணம் திருப்பம். கிடங்கிலும் ஒவ்வொரு விற்பனையாளரின் சரக்கிலிருந்தும் ஒன்றை எடுத்து இதே போல நிரப்பிப் பாருங்கள். ஒரு கணினியும் ஒரு ராத்திரியும் போதும். அனுப்பும்போது காற்றுப் புகாத உறையில் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டால் புண்ணியமாகப் போகும்.

அடுத்த விற்பனை அறிவிப்பு வருவதற்குள் பதில் தாருங்கள். ‘உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்’ என்று தானாக வருகிற கடிதம் ஏற்கெனவே எங்களிடம் நிறைய இருக்கிறது.

இப்படிக்கு,
ராமநாதபுரம் கடலோரத்தில் கணினி பழுது பார்ப்போர்