முட்டியின் அடியில் வாழும் மதுவம்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கள்ளைப் பற்றிய பேச்சு எமது பத்திரிகைகளில் பெரும்பாலும் குடி, வரி, அனுமதிப்பத்திரம் என்பவற்றோடு நின்றுவிடுகிறது. குடியால் சிதைந்த குடும்பங்களை நானும் அறிவேன். இக்கடிதம் குடிக்கு ஆதரவானதன்று. சாற்றைக் கள்ளாக்கும் மதுவத்தை (ஈஸ்ட்) எமது மாவட்டங்களில் சேகரித்துப் பேண வேண்டும் என்பதே எனது வேண்டுகோள்.

சாறு சேர மரத்தில் கட்டும் முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசினால் பாளையிலிருந்து வடியும் சாறு பதநீராகவே நிற்கும்; பூசாவிட்டால் சில மணி நேரத்தில் நுரைத்துவிடும். நேற்றைய கள்ளை ஊற்றிய பின் முட்டியின் அடியில் வெண்மையாகப் படிந்திருக்கும் மண்டியில் எண்ணற்ற மதுவக் கலங்கள் உயிரோடு இருக்கின்றன. பாளையை மொய்க்கும் பூச்சிகளும் புதியவற்றைக் கொண்டுவருகின்றன. சக்கரோமைசிசு செரெவிசியே என்னும் மதுவ இனம், சீனி மிகுந்திருந்தால், ஒட்சிசன் இருக்கும்போதுகூட எதனோல் என்னும் மதுசாரத்தையே உற்பத்தி செய்கிறது. சக்தியைப் பொறுத்தவரை இது நட்டமாகத் தோன்றினாலும், எதனோலைத் தாங்காத ஏனைய நுண்ணங்கிகளை அது ஒதுக்கிவிடுகிறது; சீனி தீர்ந்த பின், ஒட்சிசன் கிடைத்தால், அதே எதனோலை உணவாகவும் கொள்கிறது. இத்தனை நுட்பமான உயிரை நாம் மண்டியென்று கழுவி ஊற்றுகிறோம்.

ஐரோப்பாவில் பியர் வடித்தோரும் ஒரு வடிப்பின் மண்டியை அடுத்ததற்கு இட்டே வந்தனர். நூற்றாண்டுக்கணக்கில் நடந்த அந்தத் தெரிவின் தடங்களை 2016இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது: மோல்ற்றோசு என்னும் சீனியைப் பயன்படுத்தும் பரம்பரையலகுகள் பெருகியிருந்தன, கிராம்பை ஒத்த வாசனையைத் தருபவை பல வகைகளில் செயலிழந்திருந்தன, இலிங்கமுறை இனப்பெருக்க ஆற்றலும் குன்றியிருந்தது. 1883இல் கோபன்ஹேகனில், கார்ல்ஸ்பெர்க் ஆய்வுகூடத்தில், எமில் கிறிஸ்டியன் ஹன்சன் தனியொரு கலத்திலிருந்து தூய வளர்ப்பைப் பெற்றார். அவர் பிரித்தெடுத்த, லாகர் என்னும் பியர் வகைக்கான மதுவம் ஒரு கலப்பினம் எனப் பின்னர் தெரியவந்தபோதிலும், அதன் ஒரு பெற்றோர் இனம் 2011இல்தான் தென்னமெரிக்காவின் பற்றகோனியக் காடுகளில் இனங்காணப்பட்டது. அக்காடுகள் முன்பே அழிந்திருந்தால் அந்த உறவு புலப்பட எத்தனை காலம் சென்றிருக்குமோ!

மலேசியாவின் பெர்த்தம் பனைப் பூவில் வாழும் மதுவங்களும், ஆபிரிக்கப் பனங்கள்ளின் மதுவங்களும் தனித்தனிக் கிளைகளாகப் பிரிந்துள்ளமை மரபணு ஆய்வுகளில் தெரியவந்துள்ளது. மட்டக்களப்புக் கரையோரத்துத் தென்னையிலும் பனையிலும் வாழ்பவை எக்கிளையைச் சேர்ந்தவை என்று கேட்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை. கள்ளு விட்டு அப்ப மாவைப் புளிக்க வைத்த வீடுகளில் இப்போது பைக்கற் ஈஸ்ட் போடுகிறார்கள். மண் முட்டிக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் கலன் வந்துவிட்டது. கள்ளுச் சீவல் தொழிலுக்கு இளையவர்கள் வருவதும் அருகிவருகிறது.

ஆகவே வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகமும், தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சம்மாந்துறைப் பிரயோக விஞ்ஞான பீடமும் இப்பணியில் கைகோக்க வேண்டும். மண்டியிலிருந்து பிரித்தெடுக்கும் மதுவத்தைக் கிளிசரோல் கலந்து மறை 80 பாகை செல்சியசில் வைத்தால் பல ஆண்டுகள் உயிரோடு இருக்கும். எந்த மரம், எந்தத் தோப்பு, எந்த மாதம் என்பவற்றோடு, மாதிரி தந்த சீவல் தொழிலாளியின் பெயரும் அவரது சம்மதத்துடன் பதியப்பட வேண்டும். அம்மதுவத்தால் பின்னாளில் வருமானம் கிடைத்தால் அவருக்கும் அதில் பங்கு இருத்தல் வேண்டும்.

இங்ஙனம்,
ஓய்வுநிலை உயிரியல் ஆசிரியர்,
ஆரையம்பதி.