பேசாப்படத்தை எந்த வேகத்தில் ஓட்டுவது?

ஆசிரியருக்கு,

ஹிட்ச்காக் இயக்கி முடித்த முதல் படமான 'தி பிளஷர் கார்டன்' பற்றிய ஞாயிறு மலர்க் கட்டுரை, அதன் நடிப்பு இன்று சிரிப்பை வரவழைக்கிறது என்கிறது. சிரிப்புக்குக் காரணம் நடிப்பு அல்ல, படம் ஓட்டப்படும் விதம்.

1925இல் எடுத்த கதை அது. லண்டன் அரங்கின் கோரஸ் வரிசையில் ஆடும் பாட்ஸி, கையில் காசில்லாமல் வந்து நிற்கும் ஜில்லைத் தன் அறையில் தங்க வைக்கிறாள். வாரம் 5 பவுண்டு என்ற முதலாளியிடம் ஜில் கூசாமல் 20 கேட்கிறாள். பின் ஓர் இளவரசனோடு பழகி மேட்டுக்குடியில் கலந்துவிடுகிறாள். நோயுற்ற கணவனிடம் போகப் பாட்ஸி பணம் கேட்கும்போது கை விரிக்கிறாள். அந்த மறுப்பைக் கேட்டு பாட்ஸியின் முகம் மாறுவதில்தான் படத்தின் உயிரே இருக்கிறது.

35 மி.மீ. சுருளில் அடிக்கு 16 ஃபிரேம், அதாவது 16 தனிப் படங்கள். 1,000 அடி, நொடிக்கு 20 ஃபிரேம் என்றால் 13 நிமிடம் 20 நொடி ஓடும். பேசும் படத்துக்குரிய 24இல் 11 நிமிடம் 7 நொடியில் தீர்ந்துவிடும். 20இல் எடுத்ததை 24இல் ஓட்டி, ஆறு நொடி மௌனம் ஐந்தாகச் சுருங்கினால் துயரம் துள்ளலாகிவிடும். அக்காலக் கேமராக்களைக் கையால் சுற்றியதால் காட்சிக்குக் காட்சி வேகமும் மாறும். நடப்பவரின் காலையும் விழும் துணியையும் பார்த்தே சரியான வேகத்தைக் கணிக்க வேண்டும். வேகத்தைக் குறைத்தால் மட்டும் போதாது: ஒளியை விட்டுவிட்டு மறைக்கும் ஷட்டரில் இரண்டு இதழ் இருக்க, 16 ஃபிரேம் ஓட்டினால் நொடிக்கு 32 முறைதான் ஒளி விழும், திரை மினுமினுத்துக் கண் கூசும். மூன்று இதழ் போட்டால் 48 ஆகிவிடும். டிஜிட்டலில் 20 ஃபிரேம் படத்தை 24க்குக் கொண்டுவர, ஐந்துக்கு ஒரு ஃபிரேமை இருமுறை காட்டினால் போதும்.

நிறமும் முக்கியம். பகலில் எடுத்த காட்சிக்கு நீலச் சாயம் ஏற்றி இரவாக்குவது அன்றைய வழக்கம். கறுப்பு வெள்ளைப் பிரதியில் அது மறுபடி பகலாகிவிடுகிறது. பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் பல பிரதிகளை ஒப்பிட்டு 2012இல் மீட்டெடுத்த பதிப்பில் சாயங்கள் திரும்பியிருக்கின்றன, விடுபட்டிருந்த காட்சிகளும் சேர்ந்திருக்கின்றன. இணையத்தில் சுற்றும் மங்கிய பிரதியைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது அந்த நடிகைகளுக்குச் செய்யும் அநியாயம்.

சுருளைத் திரையிடுவோர், புரொஜெக்டரில் சட்டகத்தின் எல்லையை வரையறுக்கும் முகப்புத் தகடு பேசும் படத்துக்கானதாக இருந்தால் அதையும் மாற்ற வேண்டும். ஒலிப்பட்டைக்கு இடம் விட்ட தகடு, பேசாப்படச் சட்டகத்தின் ஓரத்தை வெட்டிவிடும். காட்சிகளுக்கிடையே வரும் எழுத்து அட்டைகளைத் தமிழில் தர, அந்நாளில் நம் கொட்டகைகளில் செய்ததுபோல ஒருவர் உரக்கச் சொல்லலாம். பியானோக்காரரோடு முன்பே ஒத்திகை பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி இத்தகைய திரையிடல் அறிவிப்புகளை வெளியிடும்போது எந்தப் பதிப்பு, நொடிக்கு எத்தனை ஃபிரேம், மொத்தம் எத்தனை நிமிடம் என்ற மூன்றையும் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன்.

ஒரு வாசகர்,
மதுரை