'மர்மர்' ஆல்பத்தின் வரிகளை அச்சிடாதீர்கள்: ஆர்.இ.எம். குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பில் பெரி, பீட்டர் பக், மைக் மில்ஸ், மைக்கேல் ஸ்டைப் ஆகியோருக்கு,

வணக்கம். அமெரிக்க ராக் இசைக்குழுவான ஆர்.இ.எம். 2011 செப்டம்பரில் கலைந்துவிட்டதை அறிவேன். ஆகவே புதிய பாடலோ மேடை நிகழ்ச்சியோ கேட்டு இதை எழுதவில்லை. 1983 ஏப்ரலில் வெளிவந்த உங்கள் முதல் முழு ஆல்பமான 'மர்மர்' எனக்குத் தந்ததற்கு நன்றி சொல்லவும், அதைப் பொறுத்தவரை ஒரேயொரு வேண்டுகோளை முன்வைக்கவுமே இந்த மடல். அதன் பாடல் வரிகளை எந்தக் காலத்திலும் அதிகாரபூர்வமாக அச்சிட்டுத் தந்துவிடாதீர்கள்.

ஆங்கிலத்தைப் பாடப்புத்தகத்தின் வழியாகக் கற்றவன் நான். ஆங்கிலப் பாடலில் ஒரு சொல் பிடிபடாமல் போனால் குறை என் காதில்தான் என்று எண்ணிக்கொள்வது வழக்கம். திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பேன், அகராதியைப் புரட்டுவேன், தெரிந்தவர்களிடம் விசாரிப்பேன். 'மர்மர்' என் கைக்கு வந்த முதல் வாரத்தில் இவை எல்லாவற்றையும் செய்து பார்த்துத் தோற்றேன். பிறகுதான், அந்த மொழியிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கும் இந்தப் பாடல்களில் பல இடங்கள் விளங்கவில்லை என்பதும், பாடகர் ஸ்டைப் என்ன பாடுகிறார் என்று அமெரிக்க நேயர்களே ஆண்டுக்கணக்கில் வாதாடியிருக்கிறார்கள் என்பதும் தெரியவந்தது. ஆங்கிலப் பாட்டின் வாசலுக்கு வெளியே நின்றே பழகிய எனக்கு, இந்த வீட்டின் முன் எல்லோருமே வெளியேதான் நிற்கிறார்கள் என்று தெரிந்தபோது உண்டான ஆறுதல் கொஞ்சநஞ்சமன்று.

என்னிடம் கோடு போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்று இருக்கிறது. அதில் இந்த ஆல்பத்தின் 'பில்கிரிமேஜ்' பாடலைக் காதில் விழுந்தபடியே தமிழ் எழுத்தில் எழுதி வைத்தேன். சில ஆண்டுகள் கழித்து, முந்தைய பக்கத்தைப் பார்க்காமல் மறுபடி எழுதினேன். பின்னர் மூன்றாம் முறையும் எழுதினேன். மூன்றும் மூன்று பாடல்களாக இருக்கின்றன. தமிழில் வல்லினத்தின் வன்மையான ஒலிக்கும் மென்மையான ஒலிக்கும் ஒரே எழுத்துதான் என்பதால், முதல் பக்கத்தில் நான் எழுதிய 'ப'வை எந்த ஒலியாகக் கேட்டு எழுதினேன் என்று இன்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. ஆனால் நெடில்கள் மட்டும் மூன்று பக்கங்களிலும் பெரும்பாலும் அதே இடத்தில் விழுந்திருக்கின்றன. ஸ்டைப் எங்கே குரலை நீட்டுகிறார், எங்கே அதை மடக்கிக்கொள்கிறார் என்பதில் என் காது ஒருமுறையும் தடுமாறியதில்லை. சொல்லே இல்லாத ஆலாபனையைக் கேட்டு நெகிழத் தெரிந்த காதுக்கு இது போதுமானது.

இந்தத் தெளிவின்மை கவனக்குறைவால் நேர்ந்ததில்லை என்பதை ஆல்பம் உருவான விதமே சொல்கிறது. உங்கள் இசைத்தட்டு நிறுவனம் முதலில் அமர்த்திய தயாரிப்பாளர் ஒரே பாடலைத் திரும்பத் திரும்ப வாசிக்க வைத்து, பிறகு உங்களைக் கேளாமலே அதன்மீது கீபோர்டு ஒலிகளைச் சேர்த்தபோது, நீங்கள் அதை ஏற்க மறுத்து, ஏற்கெனவே உங்களோடு வேலை செய்திருந்த தயாரிப்பாளர் மிட்ச் ஈஸ்டரையே கேட்டு வாங்கினீர்கள். அவரும் இணைத் தயாரிப்பாளர் டான் டிக்சனும் வட கரோலைனாவின் சார்லட் நகரிலுள்ள ரிஃப்ளெக்‌ஷன் ஒலிப்பதிவுக்கூடத்தில், 1983இன் முதல் இரண்டு மாதங்களில் உங்களைப் பதிவு செய்தார்கள். ஸ்டைப் இருண்ட மாடிப்படியில் நின்று பாட விரும்பியபோது, அவர்கள் மைக்கை அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். ராக் இசையில் பாடகரின் குரல் மற்ற எல்லாவற்றுக்கும் மேலே ஏறி நிற்பதே வழக்கம். நீங்களோ அதைக் கிடாருக்கும் டிரம்ஸுக்கும் இடையே அமர்த்தினீர்கள். அதனால்தான் மில்ஸின் பேஸ் கிடார் மெட்டை எடுத்துச் செல்ல முடிகிறது. தந்திகளை ஒவ்வொன்றாக மீட்டும் பக்கின் கைவிரல்கள், தனி ஆவர்த்தனத்துக்கு ஆசைப்படாமலே பாடல் முழுவதும் கேட்கின்றன. பாடல்களை நால்வர் பெயரிலும் சமமாகப் பதிவு செய்தீர்கள். அந்தச் சமத்துவம் ஒலியிலும் இருக்கிறது.

'பெர்ஃபெக்ட் சர்க்கிள்' பாடலைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. இரண்டு பியானோக்கள் ஒரே மெட்டை ஒரே நேரத்தில் வாசிக்கின்றன. ஒன்று சுருதி சுத்தமானது, மற்றொன்று சுருதி சற்றே விலகியது. ஹெட்போனில் கேட்டால், ஒவ்வொரு சுரத்தின் ஓரத்திலும் மெல்லிய நடுக்கம் ஒன்று ஒட்டிக்கொண்டு வருவதை உணரலாம். ஸ்டைப் அதன்மேல் பாடுவது யாரைப் பற்றி என்று எனக்குத் தெரியாது. பிரிந்து செல்லும் ஒருவரை வாசல்வரை வந்து வழியனுப்புவது போல அது எனக்குக் கேட்கிறது. இன்னொருவருக்கு வேறு விதமாகக் கேட்கக்கூடும். என் தந்தை இறந்த ஆண்டில் இந்தப் பாடலைத்தான் அதிகம் கேட்டேன். அதன் வரிகள் வேறு எதையோ பற்றியவை என்று அச்சில் பார்த்திருந்தால், அந்த ஆண்டில் அது எனக்குத் துணைவந்திருக்குமா என்று தெரியவில்லை.

அமெரிக்காவின் தெற்குப் பகுதியில் மரங்களையும் கட்டடங்களையும் மூடிப் படரும் குட்ஸு கொடியை அட்டைப்படமாக வைத்தீர்கள். ஆல்பத்துக்கு முணுமுணுப்பு என்று பொருள்படும் பெயரையும் வைத்தீர்கள். இதைவிடத் தெளிவாக யாரும் தங்கள் நோக்கத்தை அறிவிக்க முடியாது. ரோலிங் ஸ்டோன் இதழ் அதை 1983இன் சிறந்த ஆல்பமாகத் தேர்ந்தெடுத்ததற்கும் வரிகள் விளங்காதது தடையாக இருக்கவில்லை.

இப்போது ஏன் இந்த வேண்டுகோள் என்று கேட்பீர்கள். இன்று பாட்டுக் கேட்கும் செயலிகளில் பாடலோடு சேர்ந்து வரிகளும் திரையில் நகர்கின்றன. 'மர்மர்' பாடல்களுக்கும் யாரோ ஊகித்து எழுதிய வரிகள் அப்படி ஓடுவதைப் பார்க்கிறேன்; பார்த்தவுடன் அதை நிறுத்திவிடுகிறேன். அவை ஊகம் என்ற அளவில் என் நோட்டுப் புத்தகத்துக்கு நிகரானவை, அதனால் வருத்தமில்லை. நீங்களே ஒப்புதல் தந்து வெளியிட்டால் நிலைமை வேறு. 1988இல் வந்த 'கிரீன்' ஆல்பத்தில் ஒரு பாடலின் வரிகளை முதன்முறையாக அச்சிட்டீர்கள்; அந்தப் பாடலுக்கு அது பொருந்தியது, ஏனெனில் அது சொற்களைக் கொண்டு கட்டப்பட்டது. 'மர்மர்' அப்படிக் கட்டப்படவில்லை. சரியான விடை என்று ஒன்று வந்துவிட்டால் என்னுடைய மூன்று பக்கங்களும் பிழைகளாகிவிடும். இனிமேல் முதன்முறை கேட்கப்போகிறவருக்கு எழுதிப் பார்க்கப் பக்கமே இருக்காது.

இந்த மடலை வேண்டுமென்றே தமிழில் எழுதுகிறேன். யாரேனும் இதை உங்களிடம் கொண்டுவந்தால், மொழிபெயர்த்துச் சொல்லுமாறு கேட்க வேண்டாம். நெடில்களை நன்றாக நீட்டி, உரக்க வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

நன்றியுடன்,
உங்கள் நேயர்களில் ஒருவன்