டிசம்பர் 26 நினைவுப் பதிவுகள்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். வரும் டிசம்பர் 26-ஆம் தேதியோடு, 2004-இல் சுனாமி வந்து 21 ஆண்டுகள் ஆகின்றன. அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டவர்களை இழந்தோம். உங்களில் பலர் அப்போது ஆறாவதோ ஏழாவதோ படித்துக்கொண்டிருந்திருப்பீர்கள். உங்கள் பிள்ளைகளுக்கு அது பாடப்புத்தகச் செய்தி. வருடாவருடம் மெழுகுவத்தி ஏற்றி மௌனமாக நிற்கிறோம். எதற்கு என்று கேட்டால் பாதிப் பேருக்குச் சொல்லத் தெரியவில்லை.

அதனால் இந்த ஆண்டு ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களிடம் பேசி, அதைப் போனில் பதிவு செய்யப் போகிறார்கள். பேச்சை எழுத்தாக்கச் செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றைப் பயன்படுத்துகிறோம். இது தேவையா என்று சிலர் வந்து கேட்டீர்கள். கேட்டது நியாயம்தான்.

சோதித்துப் பார்த்தபோது நடந்ததைச் சொல்கிறேன். ஒரு மாணவியின் ஆயா, "வாடைக்காத்துகூட இல்ல, கடல் சும்மா கெடந்துச்சு" என்றதை, "வாடகை கத்து" என்று எழுதியது. பிள்ளைகள் சிரித்துக்கொண்டே திருத்தினார்கள். சரி, அது போகட்டும். அப்புறம் அதையே சுருக்கித் தரச் சொன்னால், "அபாயச் சங்கு ஒலித்ததும் மக்கள் ஓடினர்" என்று ஒரு வரி புதிதாக வந்து நிற்கிறது. ஆயா அப்படிச் சொல்லவே இல்லை. சங்காவது, ஊதுவதாவது! சுமத்ரா பக்கம் நிலம் அதிர்ந்தது நம் நேரப்படி காலை ஆறரை மணி வாக்கில். அலை நம் கரைக்கு வர அதன்பின் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் என்பதால் வேளாங்கண்ணியில் நல்ல கூட்டம். அத்தனை நேரம் இருந்தும் சொல்ல ஆள் இல்லை. ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்ததே 2007-இல்தான். அந்த ஒரு வரி அப்படியே நின்றுவிட்டால், சங்கு ஊதியும் ஓடாமல் இருந்தார்கள் என்ற பழி போனவர்கள் தலையில் விழும்.

ஆகவே சுருக்கும் வேலையை அதனிடம் கொடுப்பதில்லை. எழுதி வந்த ஒவ்வொரு பக்கத்தையும் பேசியவருக்கே படித்துக் காட்டி, அவர் சரி என்ற பிறகே வைத்துக்கொள்வோம்.

இறந்தவர் படத்தைச் சிரிக்கவும் பேசவும் வைக்கும் செயலிகளைப் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். பள்ளியில் அதைச் செய்ய மாட்டோம். இந்தப் பணிக்காக வீட்டிலும் செய்ய வேண்டாம். வீட்டோடு போட்டோவும் போன குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அடையாளம் சொன்னால் அது ஒரு முகத்தை வரைந்து தரும்தான். ஆனால் வருவது வேறு யாரோ ஒருவரின் முகம். அதைப் பெற்றவளிடம் கொண்டுபோய்க் காட்ட எனக்கு மனம் வராது.

பேச விருப்பமில்லாத பெரியவர்களை வற்புறுத்த வேண்டாம். நடுவில் நிறுத்திவிட்டால் பிள்ளையும் போனை அணைத்துவிட வேண்டும். இந்தச் செயலி இணையம் வழியாக வேலை செய்வதால் குரல் வெளியே போகும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அது பிடிக்காவிட்டால் ஒப்புதல் சீட்டில் குறியுங்கள். தமிழாசிரியர் வீட்டுக்கு வந்து கையால் எழுதிக்கொள்வார். பதிவுகளை யாரும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்கக் கூடாது. ஒரு பிரதி பள்ளியில் இருக்கும், ஒன்று உங்கள் வீட்டுக்கு வரும்.

ஒப்புதல் சீட்டில் பேசுபவரும் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டும். அரையாண்டுத் தேர்வு தொடங்குவதற்கு முன் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்