வீட்டில் பேசப்படாத பாடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

குடியாத்தத்தில் மருந்துக்கடைக்காரர் நாப்கினைச் செய்தித்தாளில் சுற்றிக் கருப்புப் பையில் போட்டுக் கொடுத்தபோது, "ஏம்மா மறைச்சுத் தர்றாங்க?" என்று கேட்ட என் ஒன்பது வயது மகளுக்கு, வீடு திரும்பியதும் மாதவிடாய் பற்றி எளிய சொற்களில் விளக்கினேன். எனக்கு யாரும் சொல்லாததால், பூப்பெய்திய அன்று ஏதோ நோய் வந்துவிட்டதென்று அஞ்சி அழுதவள் நான். உடலுறுப்புகளின் பெயரையே கூசாமல் சொல்லப் பழகாத குழந்தை, தகாத தொடுதலைப் பெற்றோரிடம் எந்தச் சொல்லால் முறையிடும்? குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டமும் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும், குழந்தை வாய் திறந்தால்தானே துணைக்கு வரும்! மகன்களிடம் தந்தையரும் பேச வேண்டும். வேலூர் மாவட்டப் பள்ளிகளின் பெற்றோர் கூட்டங்களில், மதிப்பெண் பேச்சுக்கு முன் அரை மணி நேரமாவது, இந்தப் பேச்சைத் தொடங்கும் விதத்தைச் செவிலியர் ஒருவர் பெற்றோருக்குக் கற்றுத்தர மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன்.

– ஒரு தாய், குடியாத்தம்