வரிசையில் நிற்கிற பிள்ளை

அன்புள்ள கண்ணுக்கு,

நீ அனுப்பிய டென்னிஸ் கோச்சிங் வீடியோவை மூன்று தடவை பார்த்துவிட்டேன். நியூ ஜெர்சியில் பள்ளிக்கூடத்து கோர்ட்கூட எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள், என் கண்ணோ வரிசையின் கடைசியில் நின்ற சிவப்பு ஹேர்பேண்ட் பொண்ணு மேலேயே இருந்தது. நீ கூடையிலிருந்து பந்தை எடுத்துப் போட்டுக் கொடுக்கிறாய், ஆறு பேர் வரிசை, ஆளுக்கு ரெண்டு ஃபோர்ஹேண்ட், அப்புறம் மறுபடி கடைசிக்கு. மூன்று நிமிஷத்தில் அவள் அடித்தது ஆறே பந்து. மீதி நேரமெல்லாம் ராக்கெட் ஸ்ட்ரிங்கை விரலால் நெண்டிக்கொண்டு நின்றாள்.

உன்னைக் குறை சொல்லவில்லை கண்ணு. நான் பி.டி. மாஸ்டராக இருந்தபோது ஒரே சிமெண்ட் கோர்ட், இருபது பையன்கள், வருஷக்கணக்காக இதே கூடையும் வரிசையும்தான். ஒருநாள் ஒரு பையன் வந்து, "சார், இன்னைக்கு எனக்குப் பதினாலு பந்துதான் வந்துச்சு" என்றான். கோபமாகச் சொல்லவில்லை, எண்ணி வைத்திருந்து சொன்னான். அடுத்த வருஷம் அவன் ஹாக்கிக்குப் போய்விட்டான். அது இன்னமும் எனக்கு உறுத்துகிறது.

உனக்கு நாலு கோர்ட், பதினாறு பிள்ளைகள். கோர்ட்டுக்கு நாலு பேராக விட்டால் ஒருத்தரும் நிற்க வேண்டாம். முதல் பத்து நிமிஷம் நெட்டை ஒட்டிய சர்வீஸ் பாக்ஸ் கட்டத்துக்குள்ளேயே மெதுவாக ஆடச் சொல், உடம்பும் கையும் சேர்ந்து சூடாகும். அப்புறம் குறுக்கு மூலைக்கு ராலி, அதாவது பந்தை விடாமல் மாற்றி மாற்றி அடிப்பது. இரண்டு ஜோடியும் ஒரே சமயத்தில் அடிக்கலாம், எப்போதாவது பந்தோடு பந்து மோதும், பரவாயில்லை. ஏன் குறுக்காக என்று பிள்ளைகளுக்கும் சொல்லிவிடு: நெட் ஓரக் கம்பத்தில் மூன்றரை அடி, நடுவில் மூன்றடிதான், போதாததற்குக் குறுக்கே அடித்தால் கோர்ட் நாலடிக்கு மேல் நீளம் கூடக் கிடைக்கிறது. காரணம் தெரிந்துவிட்டால் மேட்சில் நெருக்கடி வரும்போது அவர்களே அந்தப் பக்கம் அடிப்பார்கள். ஆனால் சும்மா அடிக்க விடாதே. பந்து மூன்று தடவை நெட்டைத் தாண்டினால்தான் பாயிண்ட் கணக்கு, முதலில் பதினொன்று எடுத்தவர் பக்கத்து கோர்ட்டுக்கு ஏற வேண்டும், தோற்றவர் இறங்க வேண்டும். ஸ்கோர் என்று ஒன்று வந்துவிட்டால் அந்தப் பொண்ணுக்கு ஸ்ட்ரிங் ஞாபகமே வராது, பார்.

சர்வைக் கடைசிப் பத்து நிமிஷத்துக்குத் தள்ளுவதாக போனில் சொன்னாய் இல்லையா, அதை மாற்று. ஒவ்வொரு பாயிண்டும் சர்விலும், அதைத் திருப்பி அடிக்கும் ரிட்டர்னிலும்தான் ஆரம்பிக்கிறது, பாதிப் பாயிண்ட் அங்கேயே முடிந்தும் போகிறது, அதைப் போய்த் தோள் களைத்த பிறகா பழகுவது? ஒருத்தி சர்வ் போட, எதிரே ஒருத்தி நிஜமாகவே ரிட்டர்ன் எடுக்கட்டும். காலிப் பந்து டப்பாக்களை பாக்ஸ் மூலையில் வைத்துவிடு. வேகம் கேட்காதே, இடத்தைக் கேள். நம் ராமநாதன் கிருஷ்ணன் 1960-லும் 1961-லும் விம்பிள்டன் அரையிறுதி வரை போனது இடம் பார்த்துப் பந்தை வைத்துத்தான், சர்வ் வேகத்தால் இல்லை. வாரத்தில் ஒருநாள், வழக்கமான இரண்டு வாய்ப்புக்குப் பதில் ஒரே ஒரு சர்வ்தான் என்று வைத்து செட் ஆட விடு, இரண்டாவது சர்வ் பயம் அதில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும்.

இன்னொன்று. உங்கள் மாநிலத்தில் ஸ்கூல் மேட்ச் என்றால் மூன்று சிங்கிள்ஸ், இரண்டு டபுள்ஸ். ஆடுகிற ஏழு பேரில் நாலு பேர் டபுள்ஸ்காரர்கள், மூன்று மேட்ச் ஜெயித்தால் அன்றைக்கு வெற்றி உங்களுக்கு. அப்படியிருக்க டபுள்ஸுக்கு நீ கொடுப்பது வெள்ளிக்கிழமை அரைமணி நேரம்! பந்து தரையில் படுமுன் அடிக்கும் வாலி, நெட்டில் எங்கே நிற்பது, தலைக்கு மேல் உயரமாக லாப் போனால் யார் ஓடுவது, "என்னுது" என்று சத்தமாகச் சொல்வது, இதெல்லாம் தினமும் வேண்டும். தனியாக கோச் வைத்துப் பழகும் பொண்ணுகளுக்குக்கூட இது பாதி வராது. புதுசாக ராக்கெட் பிடித்த பொண்ணு உன் டீமுக்கு உதவப்போவதும் இங்கேதான்.

பந்து கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று லைன் கால் சொல்ல பிராக்டிஸிலேயே பழக்கு. ஸ்கூல் மேட்சில் அம்பயர் இருக்கமாட்டார், அவரவர் பக்கத்துக்கு அவரவரே சொல்ல வேண்டும், சந்தேகம் வந்தால் பந்து உள்ளே, பலன் எதிராளிக்கு. இதில் மட்டும் கண்டிப்பாக இரு.

அப்புறம், நீ பேசுவது அதிகம். எல்லோரையும் நிறுத்தி ஐந்து நிமிஷம் கிரிப்பைப் பற்றிச் சொல்வதைவிட, கோர்ட் கோர்ட்டாகப் போய் ஒருத்தியிடம் ஒரே ஒரு விஷயம் சொல்லிவிட்டு, அதை அவள் பத்துப் பந்து செய்து பார்க்கும்வரை அங்கேயே நில்.

அம்மா உன்னை நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னாள். அடுத்த தடவை வீடியோ எடுக்கும்போது அந்தச் சிவப்பு ஹேர்பேண்ட் பொண்ணு ஆடுகிற கோர்ட்டை எடு. அவள் எத்தனை பந்து அடிக்கிறாள் என்று நான் எண்ணிச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா